கைம்மருந்தும் கடப்பாடும்

தமிழில் அறம் உரைக்க எழுந்த நூல்கள் சில, மருந்தின் பெயரையே தம் பெயராகப் பூண்டிருக்கின்றன. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் நல்லாதனார் இயற்றியது திரிகடுகம். காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் கூடியது திரிகடுகம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களும் கூடியது சிறுபஞ்சமூலம். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் கூடியது ஏலாதி. இம்மருந்துகள் உடற்பிணி நீக்குவது போல இந்நூல்கள் உள்ளப்பிணி நீக்கும் என்பது வகுப்பறையில் மாணவர்க்குச் சொல்லப்படும் விளக்கம்.

அவ்விளக்கத்தைச் சற்றே திருப்பிப் பார்க்கவும் இடமுண்டு. அறம் மருந்தாகுமாயின், மருந்துக்கும் ஓர் அறம் வேண்டுமன்றோ? மருத்துவரின் அறத்தைப் பற்றிச் சான்றோர் பலர் பேசியிருக்கின்றனர். ஆனால், பட்டமும் பதிவும் இன்றி, அடுப்படியில் நின்று, பிள்ளைக்கும் பேரனுக்கும் கசாயம் காய்ச்சிக் கொடுக்கும் ஒரு தாயின் அறம் எத்தகையது? அவள் கொடுப்பது அன்பினால். அன்பினால் கொடுத்தது தீங்கு விளைத்துவிட்டால், கொடுத்தவளுக்கு அதில் பொறுப்பு உண்டா, இல்லையா? எளிதாகத் தோன்றும் இவ்வினா, எண்ணிப் பார்க்கும்தோறும் ஆழமாகிக்கொண்டே செல்கிறது.

அடுப்படியின் அறிவு

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்வில் கைம்மருந்து இன்று நேற்று வந்ததன்று. தோட்டத்து லயங்களின் பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வேம்பும் துளசியும் கற்பூரவள்ளியும் வளர்ந்தன. தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களும் அவற்றைத் தொட்டிகளில் வைத்துத் தாழ்வாரத்தில் வளர்த்தனர். சளி பிடித்தால் கற்பூரவள்ளி இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்தனர். வயிறு உப்பினால் ஓமத்தை வறுத்து நீரில் இட்டுக் கொதிக்க வைத்தனர். தலைபாரத்துக்கு நொச்சித் தழையும் மஞ்சளும் இட்டு வேது பிடித்தனர். பிள்ளை பெற்றவளுக்குப் பிரசவ லேகியம் கிளறினர். கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் வெந்தயமும் சேர்த்துத் தலைக்கு எண்ணெய் காய்ச்சினர். குளித்த கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டினர். குடிநீர்ப் பானையில் வெட்டிவேரை முடிந்து போட்டனர்.

வேலிக்கு அப்பாலும் இதே அறிவு வேறு பெயர்களில் வாழ்ந்தது. தமிழர் நிலவேம்பு என்று கசந்து குடித்ததை மலாய்க்கார அண்டை வீட்டார் ‘ஹெம்பெடு பூமி’ என்று கசந்து குடித்தனர். தமிழரின் வல்லாரை அவர்களுக்குப் ‘பெகாகா’ ஆயிற்று. சீனர் வீட்டு அடுப்பில் வேறொரு மண்பானையில் வேறொரு வேர் வெந்துகொண்டிருந்தது. மொழியும் சமயமும் வேறாயினும், நோயுற்ற குழந்தையின் அருகில் தாயர் அனைவரும் ஒரே கவலையோடுதான் விழித்திருந்தனர்.

இவ்வறிவை மூடப்பழக்கம் என்று ஒதுக்குவோர் அதன் நுட்பத்தை அறியாதவர். வேரும் பட்டையும் கடினமானவை; அவற்றின் சத்து இறங்க நெடுநேரம் கொதிக்க வேண்டும். எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காகும் வரை வற்றக் காய்ச்சும் வழக்கம் அதனால் வந்தது. மணமுள்ள இலையின் இயல்பு வேறு. அதன் பயன் அதிலுள்ள மணநெய்யில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் கொதிக்க விட்டால் அது ஆவியோடு போய்விடும். எனவே கொதித்த நீரில் இலையை இட்டு மூடி வைப்பதே முறை. எண்ணெய் காய்ச்சுவோர் அடியில் தங்கும் வண்டலை எடுத்து விரலால் உருட்டிப் பார்ப்பர். அது மெழுகு போலத் திரண்டால் மெழுகுப் பதம்; மணல் போல உதிர்ந்தால் மணற்பதம். ஈரம் எஞ்சிய எண்ணெய் விரைவில் கெடும் என்பதை அவர்கள் ஏட்டில் படிக்கவில்லை. கை பழகிக் கற்றனர்.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என வகுத்த சித்த மருத்துவம், ஒவ்வொன்றுக்கும் ஆயுளையும் வகுத்தது. சாறும் குடிநீரும் கற்கமும் ஒரு சாமப் பொழுதுக்கே பயன்படும். சூரணம் மூன்று திங்கள் நிற்கும். மருந்துக்கு எல்லை உண்டு என்பதை மரபே சொல்லியிருக்கிறது. காலையில் காய்ச்சிய கசாயத்தை மறுநாளும் சூடாக்கிக் கொடுப்பவர், மரபின் பெயரால் மரபையே மீறுகின்றனர்.

ஒருவரே மூவராகும் நிலை

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் தலைப்பைக் கொண்டது. அதில் பெரும்பகுதி, மருந்தே வேண்டாதவாறு அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகிறது. இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன். நோயாளியின் நிலையையும் நோயின் நிலையையும் காலத்தையும் அளந்தறிந்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பதும் அவர் கருத்து.

இப்பகுப்பை அடுப்படியில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நோய் இன்னதென்று முடிவு செய்பவள் தாய். மருந்து செய்பவளும் அவளே. அருகிருந்து ஊட்டுபவளும் அவளே. நோயுற்றவனோ பெரும்பாலும் வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தை. மூவர் செய்ய வேண்டிய பணியை ஒருவரே செய்யும்போது, தவறு நேர்ந்தால் ‘நில்’ என்று சொல்ல வேறொருவர் இல்லை. மருத்துவமனையில் மருத்துவர் எழுதியதை மருந்தாளர் சரிபார்ப்பார்; தாதி மீண்டும் பார்ப்பார். வீட்டில் அன்பு ஒன்றே எழுதுகிறது, அன்பே சரிபார்க்கிறது. அன்பு தன்னைத் தானே ஐயுறுவதில்லை. கைம்மருந்தின் சிறப்பும் இடரும் ஒரே இடத்தில் பிறக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

காய்ச்சல் தணிந்த நாள்

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். ஏழு வயதுப் பேரனுக்கு மூன்று நாளாகக் கடுங்காய்ச்சல். பாட்டி பப்பாளி இலையை இடித்துச் சாறெடுத்து வேளைக்கு இரண்டு கரண்டியாகப் புகட்டுகிறார். நான்காம் நாள் விடியலில் உடம்பு குளிர்ந்திருக்கிறது. மருமகள் மட்டும் அமைதி கொள்ளவில்லை. “வயிறு வலிக்கிறது என்கிறான், அத்தை. இரண்டு முறை வாந்தியும் எடுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோமே” என்கிறாள். பாட்டி, “காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, தாயி. மருந்து பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு வேளை பார்ப்போம்” என்கிறார்.

இத்தகைய உரையாடல் நிகழாத ஊர் மலேசியாவில் இராது. அக்காய்ச்சல் டெங்கியாக இருப்பின், பாட்டி நம்பிக்கை கொண்ட அந்த நேரமே பேராபத்தின் நேரம். டெங்கியில் காய்ச்சல் தணியும் காலம், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், நோய் முற்றும் கட்டமாக அமையக்கூடும். அப்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறலாம். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல்லீறில் குருதி, சோர்வு, கைகால் சில்லிடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். பப்பாளி இலைச்சாறு தட்டணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டியதாக மலேசியாவில் நடந்த ஓர் ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது உண்மை. ஆயினும் தட்டணு கூடுவது வேறு. கசிந்த நீரை ஈடுசெய்து உயிரைக் காப்பது வேறு. பின்னதைச் செய்யும் ஆற்றல் எந்த இலைச்சாற்றுக்கும் இல்லை.

பாட்டி செய்த பிழை யாது? இலைச்சாறு கொடுத்தது பெரும்பிழையன்று. காய்ச்சல் தணிந்ததைத் தம் மருந்துக்குச் சான்றாகக் கொண்டதே பிழை. சாதாரணச் சளியும் காய்ச்சலும் ஒரு வாரத்தில் தாமே தீர்வன. தீரும் முன்னர் எதனைக் கொடுத்திருந்தாலும் புகழ் அதற்கே சேரும். பலித்த கதையைச் சொல்ல ஊரெல்லாம் வாய் உண்டு. பலிக்காத கதையைச் சொல்ல வேண்டியவர் பலர் சொல்லும் நிலையில் இருப்பதில்லை. ‘நம் முன்னோர் இதனைக் குடித்துத்தானே நூறாண்டு வாழ்ந்தனர்’ என்பாரும் உளர். நூறாண்டு வாழ்ந்தவரை நாம் கண்டிருக்கிறோம். தொட்டிலிலேயே மறைந்தவரை நாம் கண்டதில்லை. அனுபவம் நல்லாசான்தான், ஆனால் அவ்வாசான் தேறியவர்களின் பெயரை மட்டுமே பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

சிங்கப்பூர் கற்பித்த பாடம்

அறியாமல் செய்த தீங்குக்குப் பொறுப்பு உண்டா என்னும் வினாவுக்குச் சிங்கப்பூரின் வரலாறு ஒரு விடை தருகிறது. ஒரு காலத்தில் அங்குப் பிறந்த குழந்தைகள் பல கடும் மஞ்சட்காமாலையால் மாண்டன. பிழைத்தவற்றுள் சில மூளை கெட்டு முடமாயின. குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹோக் பூன் முதலியோர் இதனை ஆராய்ந்தனர். அக்குழந்தைகள் பலவற்றின் குருதியில் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்திருப்பது தெரிய வந்தது. அத்தகைய குழந்தைக்குச் சில பொருள்கள் நஞ்சாகின்றன. துணிப்பெட்டியில் பூச்சி அண்டாதிருக்க இடும் அந்துருண்டையின் நாப்தலீன் அவற்றுள் ஒன்று. பிறந்த குழந்தைக்குப் புகட்டும் சில சீன மூலிகைகளின் மீதும் ஐயம் எழுந்தது.

பிறக்கப் போகும் பிள்ளைக்கென்று துணி தைத்து, பூச்சி அரிக்காமல் அந்துருண்டை இட்டுப் பத்திரப்படுத்திய தாயை நினைத்துப் பார்க்க வேண்டும். அவள் செய்தது அனைத்தும் அன்பின் செயல். அவளைக் குற்றவாளி என்று சொல்ல எந்த அறநூலும் துணியாது. அன்று அதனை அறிந்தவர் எவருமிலர். ஆனால் 1965ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியைச் சோதித்து இக்குறையைக் கண்டறியும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பெற்றோருக்கு எச்சரிக்கை சொல்லப்பட்டது. அந்நாள் தொட்டுப் பொறுப்பின் இடம் மாறிவிட்டது. அறிய வழியில்லாதபோது அறியாமை குற்றமாகாது. அறிவு வாசலில் வந்து நிற்கும்போது கதவைத் திறவாமை குற்றமாகிவிடும்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. சீனர் ‘ஹுவாங்லியன்’ என வழங்கும் கசப்பு வேர் முதலிய பெர்பெரின் அடங்கிய மூலிகைகளைச் சிங்கப்பூர் அரசு 1978ஆம் ஆண்டில் தடை செய்தது. பின்னர் ஆய்வுகள் பெருகின. அஞ்சிய அளவுக்கு அது தீங்குடையதன்று என்று கண்டபின், 2013ஆம் ஆண்டு முதல் அத்தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. பாட்டிமார் மட்டுமே தவறுவர் என்பதில்லை; அரசும் அறிஞரும் அளவுக்கு மீறி அஞ்சியதுண்டு. தவறை ஒப்புக்கொண்டு திருத்த அவர்கள் நாணவில்லை என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. கைம்மருந்தும் அத்துணிவைப் பெற வேண்டும்.

பேர் சொல்லா மருந்து

வசம்புக்குப் ‘பேர் சொல்லா மருந்து’ என்று ஒரு பெயர் வழங்குகிறது; ‘பிள்ளை மருந்து’ என்பதும் அதுவே. பெயரைச் சொன்னாலே அதன் ஆற்றல் குறையும் என்னும் நம்பிக்கை முன்னோரிடம் இருந்தது. வசம்பு மட்டுமன்றி, மருந்து முறைகள் பலவும் மறைபொருளாகவே காக்கப்பட்டன. தகாதவர் கையில் போய்ச் சேரக்கூடாது என்னும் கவலை அம்மறைப்புக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எனினும், மறைத்து வைத்த மருந்தை யாரும் சோதிக்க இயலாது. சோதிக்காத மருந்தைத் திருத்தவும் இயலாது. வசம்பிலுள்ள அசரோன் என்னும் பொருள் சோதனை விலங்குகளுக்குத் தீங்கு செய்தமையால், 1968ஆம் ஆண்டில் அமெரிக்கா அதனை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. குழந்தையின் கையில் வளையாகக் கட்டும் வசம்புக்கும், சுட்டு உரைத்து நாவில் தடவும் வசம்புக்கும் வேறுபாடு உண்டென்று இன்றைய தாய் அறிய வேண்டுமானால், அதன் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெளிப்படையாக எழுதி வைத்ததன் பயனுக்கு ஒரு சான்று உண்டு. மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலரைப் பலிகொண்டது மலேரியா. அந்நோய்க்குப் புதுமருந்து தேடிய சீன அறிவியலார் து யூயூ, மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியை ஆராய்ந்தார். கொதிக்க வைத்தபோது அச்செடி எதிர்பார்த்த பயன் தரவில்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹோங் என்பாரின் மருத்துவ நூல், அதனை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு கூறியிருந்தது. வெப்பம் மருந்தைக் கெடுக்கிறது போலும் என்று உணர்ந்த அவர், குறைந்த வெப்பத்தில் சாரத்தைப் பிரித்தார். 1972ஆம் ஆண்டில் ஆர்ட்டெமிசினின் கிடைத்தது. 2015ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் செய்முறையை மறைக்காமல் எழுதி வைத்தமையால் விளைந்த நன்மை இது. ‘சொன்னால் பலிக்காது’ என்று அவர் எண்ணியிருந்தால் உலகம் எத்துணை இழந்திருக்கும்!

நம் வீடுகளில் பாட்டிமாரோடு மறைந்துகொண்டிருக்கும் மருந்து முறைகளுக்கும் இது பொருந்தும். எந்த இலை, எத்தனை கைப்பிடி, எவ்வளவு நீர், யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பேரப்பிள்ளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது தமிழ்ப்பணியும் ஆகும், அறப்பணியும் ஆகும். வியப்புக்காக எழுதாமல், பிறர் சரிபார்ப்பதற்காக எழுத வேண்டும்.

சட்டம் நுழையாத இடம்

மலேசியாவில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சிங்கப்பூரில் சீன மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 2000ஆம் ஆண்டில் வந்தது. தொழிலாக மருத்துவம் செய்வோரை இச்சட்டங்கள் நெறிப்படுத்துகின்றன. ஆனால் எந்தச் சட்டமும் அடுப்படிக்குள் நுழைந்து, பேரனுக்குக் கசாயம் கொடுக்கும் பாட்டியிடம் உரிமம் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. சட்டம் நின்றுவிடும் வாசலில் மனச்சான்றே காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

அம்மனச்சான்று கேட்க வேண்டியவை சில. கொடுப்பது இன்ன செடிதான் என்று உறுதியாகத் தெரியுமா? அளவு தெரியுமா? பெறுபவர் யார்? சளிக்குத் தேனில் குழைத்துக் கொடுப்பது பெரியவர்க்கு நலம். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேனே ஆகாது. கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் மணத்தால் இதம் தரும். குழந்தையின் வயிற்றுக்குள் சென்றால் வலிப்பை உண்டாக்கும். கருவுற்றவர், சிறுநீரக நோயர், வேறு மாத்திரை உண்பவர் ஆகியோர்க்கு எளிய இலையும் எளியதன்று. நீரிழிவு நோயர் நிலவேம்பின் கசப்பை நம்பி மாத்திரையைக் கைவிட்டால், அக்கசப்பு மருந்தாகாமல் மயக்கமாகிவிடும்.

மருத்துவர்க்கும் இதில் கடமை உண்டு. ‘இந்தக் காலத்திலும் பச்சிலையா?’ என்று எள்ளி நகைக்கும் மருத்துவரிடம் நோயாளி அடுத்த முறை உண்மையை மறைப்பார். மறைத்த மருந்து, அவர் எழுதித் தரும் மருந்தோடு உடலுக்குள் மோதும். ஏளனம் வளர்ப்பது மறைப்பை. மறைப்பு வளர்ப்பது ஆபத்தை. ஆகவே கேட்பவர் பணிவோடு கேட்கவும், சொல்பவர் அச்சமின்றிச் சொல்லவும் வேண்டும்.

அப்படியாயின் இத்தனை இடர்கள் நிறைந்த கைம்மருந்தை முற்றும் விட்டுவிடலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். விட்டால் இழப்பது இலையையும் வேரையும் மட்டுமன்று. நள்ளிரவில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, கசாயம் வற்றும் வரை காத்திருந்து, சூடு ஆற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டும் கையை இழப்போம். எந்த மாத்திரையும் நோயாளியின் அருகில் அமர்ந்திருப்பதில்லை. வள்ளுவர் சொன்ன நான்காமவர், அருகிருந்து கொடுப்பவர். அவ்விடத்தைத் தாயினும் பாட்டியினும் சிறப்பாக நிரப்ப வல்லார் இலர். தம் இடம் அதுவென்று அறிந்து, நோயைத் தீர்ப்பவரின் இடத்தை வேளை வரும்போது விட்டுக்கொடுப்பதே அவர்களின் கடப்பாடு. அன்பு பகைமை இன்மையைக் காட்டும். அளவறிந்து நிற்கும்போதுதான் அது அறமாகிறது.

அந்த ஏழு வயதுச் சிறுவனின் வீட்டுக்கு மீண்டும் செல்லலாம். மருமகளின் முகத்தைப் பாட்டி ஒரு முறை பார்க்கிறார். பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார், சில்லென்றிருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “வண்டியை எடுக்கச் சொல், தாயி. நானும் வருகிறேன்” என்கிறார். மருத்துவமனையில் இளம் மருத்துவர் குனிந்து சிறுவனைச் சோதிக்கும்போது, எவரும் கேட்பதற்கு முன்னரே அவர் சொல்கிறார்: “முந்தாநாள் முதல் வேளைக்கு இரண்டு கரண்டி பப்பாளி இலைச்சாறு கொடுத்தேன், ஐயா. இன்று காலையில் கொடுக்கவில்லை.” மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, அதனைத் தம் ஏட்டில் எழுதிக்கொள்கிறார்.